நாங்கள் நல்லாத்தான் இருக்கிறமா?

பேஸ்புக்கில் சில மாதங்களுக்கு ஒருக்கால் சுற்றி வரும் ஒரு படம் இருக்கிறது. ஒரு பூவரசந்தடி, ஒரு அகப்பைக் காம்பு, ஒரு பெல்ட், ஒரு ரப்பர் செருப்பு. மேலே, ‘இதில எதால அடி வாங்கியிருக்கிறீங்கள்?’ என்று ஒரு கேள்வி. கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். ‘எல்லாத்தாலயும்’ என்று ஒருவர். ‘விளக்குமாத்த விட்டிட்டீங்கள்’ என்று இன்னொருவர். பிறகு யாராவது ஒருவர் கட்டாயம் வந்து எழுதுவார்: ‘நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தனாங்கள். இப்ப நல்லாத்தானே இருக்கிறம்.’ அந்தக் கருத்துக்குத்தான் லைக் கூட விழும்.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வசனத்தைப் பற்றியது. அதை நாங்கள் ஒரு வாழ்க்கைத் தத்துவம் மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறோம். உண்மையில் அது உடல்நலம் பற்றிய ஒரு கூற்று. உடல்நலம் பற்றிய கூற்று என்றால் சரியா பிழையா என்று சோதித்துப் பார்க்கலாம். கிட்டத்தட்ட முப்பது வருடங்களாகச் சோதித்தும் வருகிறார்கள். கிடைத்த விடை எங்களுக்கு உவப்பானதில்லை.

முதலில் ஒரு சின்ன விசயம். அந்தப் படத்துக்குக் கீழே வந்து எழுதுவது யார்? எழுதக்கூடிய நிலையில் இருப்பவர்கள். அதே வகுப்பில், அதே பிரம்பின் கீழ் இருந்தவர்களில் பாதியில் படிப்பை விட்டவர், இருபது வயதிலேயே குடிக்கு அடிமையானவர், உயிரை மாய்த்துக்கொண்டவர் யாரும் அங்கே வந்து ‘நான் நல்லா இல்லை’ என்று எழுதப் போவதில்லை. தப்பியவர்களை மட்டும் எண்ணி எடுத்த கணக்கு அது.

சான் டியேகோவில் ஒரு டொக்டர் கேட்ட கேள்வி

1980களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற வைத்தியர் உடல் எடை குறைக்கும் கிளினிக் ஒன்றை நடத்தி வந்தார். அவருக்கு ஒரு விசயம் விளங்கவில்லை. நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே இடையில் விட்டுவிட்டுப் போனார்கள். தோற்றவர்கள் போனால் விளங்கும், வென்றுகொண்டிருப்பவர்கள் ஏன் போகிறார்கள்? அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தபோது, அவர்களில் பெருந்தொகையானவர்கள் சின்ன வயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் என்று தெரிய வந்தது. சிலருக்கு அந்தப் பருத்த உடம்பு ஒரு வேலி. எடை குறைந்து மற்றவர்களின் கண் தங்கள் மேல் பட ஆரம்பித்ததும் பயம் வந்து, திரும்பவும் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஃபெலிட்டியும் ரொபர்ட் அண்டா என்ற நோய்ப்பரவல் ஆய்வாளரும் சேர்ந்து இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். கைசர் பெர்மனென்ட் என்ற மருத்துவ நிறுவனத்துக்கு வழமையான உடல் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் சிறுவயது பற்றிய கேள்விக்கொத்து ஒன்று கொடுக்கப்பட்டது. 1998இல் வெளியான முதல் கட்டுரையில் 9,508 பேரின் பதில்கள் இருந்தன. இரண்டாம் சுற்றும் சேர்ந்தபோது தொகை 17,000ஐத் தாண்டியது. இவர்கள் வறுமைப்பட்ட சேரி மக்கள் இல்லை. பெரும்பாலும் வெள்ளையர், படித்தவர், மருத்துவக் காப்புறுதி உள்ளவர். எங்கள் பாசையில் சொன்னால் ‘நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்’.

முதல் சுற்றில் கேட்டது ஏழு விசயங்கள். அடி உதை, வாயால் இழிவுபடுத்தல், பாலியல் துன்புறுத்தல், வீட்டில் அம்மா அடி வாங்குவதைப் பார்த்தல், குடி அல்லது போதைக்கு அடிமையான ஒருவருடன் வாழ்தல், மனநோயுள்ள அல்லது தற்கொலைக்கு முயன்ற ஒருவருடன் வாழ்தல், வீட்டில் ஒருவர் சிறைக்குப் போதல். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒன்றுக்காவது ‘ஓம்’ என்றார்கள். நூற்றுக்கு ஆறு பேர் நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு ‘ஓம்’ என்றார்கள்.

அந்த ஆறு பேரை, ஒன்றுமே நடக்காதவர்களோடு ஒப்பிட்டபோது வந்த கணக்கு இது: இதய நோய் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூட. பக்கவாதம் இரண்டரை மடங்கை அண்டி. நாட்பட்ட சுவாச நோய் ஏறத்தாழ நான்கு மடங்கு. சலரோகம் ஒன்றரை மடங்குக்கு மேல். தற்கொலை முயற்சி பன்னிரண்டு மடங்கு. எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் படிப்படியாக ஏறியது.

தற்கொலை முயற்சியும் மனச்சோர்வும் கூடும் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டோம். ஐம்பது வயதில் வரும் மாரடைப்புக்கும் ஐந்து வயதில் வாங்கிய அடிக்கும் என்ன தொடுப்பு என்பதுதான் கேள்வி.

மோட்டார்சைக்கிள் சத்தம்

பின்னேரம் கேற்றடியில் மோட்டார்சைக்கிள் வந்து நிற்கிற சத்தத்தை வைத்தே ‘இண்டைக்கு அப்பா எப்பிடி வாறார்’ என்று கணிக்கத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் எத்தனை பேர்? இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு அந்தச் சத்தம் இப்பவும் காதில் கேட்கும்.

அந்த நேரம் பிள்ளையின் உடம்பில் நடப்பது சாதாரணமானதுதான். நாய் துரத்தினால் நடப்பதும் அதுதான். அட்ரினலின் பாயும், நெஞ்சு அடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும், கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் சுரந்து இரத்தத்தில் சீனியைக் கூட்டும். ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. நாய் போய்விட்டால் எல்லாம் பழையபடி இறங்கிவிடும். இப்படி ஏறி இறங்குவதால் உடம்புக்குக் கேடில்லை.

கேடு எப்போது வருகிறதென்றால், நாய் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது. ஏறினது முழுசாக இறங்க நேரமில்லாமல் ஒவ்வொரு நாளும் ஏறுகிறது. வளர்ந்துகொண்டிருக்கிற மூளையும் உடம்பும் ‘உலகம் இப்படித்தான் இருக்கும் போல’ என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ற மாதிரித் தங்களை அமைத்துக்கொள்கின்றன. பயத்தைக் கவனிக்கிற பகுதி கூர்மையாகிறது. நிதானமாக யோசித்து அடக்குகிற பகுதி பின்தங்குகிறது. ‘இவன் சும்மா சொன்னாலும் பாய்ந்து விழுவான்’, ‘இவள் ஒரு சத்தத்துக்கே திடுக்கிடுவாள்’ என்று பின்னாளில் நாங்கள் குணமாகப் பார்ப்பதில் ஒரு பகுதி இப்படி வந்ததுதான்.

நோய் எதிர்ப்புத் தொகுதியும் இதற்குள் மாட்டுப்படுகிறது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து இன்றுவரை பின்தொடர்கிற ஓர் ஆய்வு இருக்கிறது. அவர்களுக்கு 32 வயதானபோது இரத்தத்தைச் சோதித்தார்கள். சின்ன வயதில் துன்புறுத்தப்பட்டவர்களின் உடம்பில் அழற்சியைக் காட்டும் குறிகள் கூடுதலாக இருந்தன. 2007இல் இது வெளியானது. வறுமை, புகைத்தல் போன்ற வேறு காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. நாட்பட்ட அழற்சி இருதய நோயோடும் சலரோகத்தோடும் தொடர்புடையது என்று வைத்தியர்களுக்குத் தெரியும். ஐந்து வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையிலுள்ள பாதைகளில் இது ஒன்று.

சான் டியேகோ ஆய்வு, வளர்ந்தவர்கள் தங்கள் சின்ன வயதை நினைத்துச் சொன்னதை வைத்துச் செய்யப்பட்டது. ஞாபகம் பிழைக்கலாம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. டனீடன் ஆய்வு முக்கியமாவது அதனால்தான். அங்கே பிள்ளைகள் பிள்ளைகளாக இருந்தபோதே எடுத்த பதிவுகளும் இருக்கின்றன.

குடிக்கிறவனுக்குக் குடி ஒரு மருந்து

இரண்டாவது பாதை எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் நாங்கள் அதைத் தலைகீழாகப் பார்க்கிறோம். எங்கள் ஊர்களில் போதைக்கு எதிராக ஊர்வலம் போகிறோம். பதாகை பிடிக்கிறோம். ஐஸ், மாவா, கசிப்பு என்று பட்டியல் போட்டு ‘இளைய சமுதாயம் சீரழியுது’ என்று மேடையில் பேசுகிறோம். பிடிபட்ட பெடியனைப் பார்த்து ‘ஏன்டா இதைக் குடிக்கிறாய்?’ என்று அதட்டுகிறோம். ‘உனக்கு என்ன நடந்தது?’ என்று கேட்பவர் மிகக் குறைவு.

ஃபெலிட்டி தன் நோயாளிகளிடம் கண்டது இதைத்தான். வெளியே நிற்கிறவர்களுக்குப் பிரச்சினையாகத் தெரிவது, உள்ளே இருப்பவருக்குத் தீர்வாக இருக்கிறது. சிகரெட் ஒரு நிமிடத்துக்குப் பதற்றத்தைக் குறைக்கிறது. சாராயம் இரவில் நித்திரையைத் தருகிறது. அளவுக்கு மிஞ்சிய சாப்பாடு நெஞ்சிலுள்ள வெறுமையைக் கொஞ்ச நேரம் மூடுகிறது. உண்மையான நோவுக்கு ஆள் தானாகக் கண்டுபிடித்த பிழையான மருந்து அது. அந்த மருந்தை மட்டும் பறித்துவிட்டு நோவை அப்படியே விட்டால் ஆள் வேறொரு மருந்தைத் தேடிப் போவார். நுரையீரலும் ஈரலும் பழுதாகும்போது கிளினிக் கொப்பியில் எழுதப்படுவது ‘புகைப்பவர்’, ‘குடிப்பவர்’ என்பது மட்டும்தான். அதற்கு முந்தின அத்தியாயம் எங்கும் எழுதப்படுவதில்லை.

அடிக்காத வீடுகளும் உண்டு

‘எங்கட வீட்டில ஒருநாளும் கை நீட்டினதில்லை’ என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் போதாது. சான் டியேகோ ஆய்வின் முதல் சுற்றிலேயே ஒரு விசயம் விடுபட்டிருந்தது: கவனிப்பின்மை. இரண்டாம் சுற்றில்தான் அதைச் சேர்த்தார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கே உடனே கண்ணில் படாத விசயம் அது. ஏனென்றால் அடி ஒரு சம்பவம், தழும்பு இருக்கும், திகதி இருக்கும். கவனிப்பின்மையில் ஒன்றுமே நடப்பதில்லை. நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்பதுதான் அங்கே பிரச்சினை.

அது உடம்பை என்ன செய்யும் என்று ருமேனியாவில் தெரிய வந்தது. 1989இல் சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது அங்கே அரச பராமரிப்பு நிலையங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். சாப்பாடு உண்டு, கட்டில் உண்டு, கூரை உண்டு. ஒரு பணியாளருக்குப் பல பிள்ளைகள் என்பதால் தூக்கவோ கதைக்கவோ ஆளில்லை. அந்தக் குழந்தைகள் இருந்த அறைகள் விசித்திரமான அமைதியாக இருந்ததாகப் போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அழுதால் யாரும் வருவதில்லை என்று கற்றுக்கொண்ட குழந்தை அழுவதை விட்டுவிடுகிறது.

2000ஆம் ஆண்டளவில் சார்ள்ஸ் நெல்சன், நேதன் ஃபொக்ஸ், சார்ள்ஸ் ஸீனா என்ற மூவர் புக்கரெஸ்ட் நகரில் அத்தகைய 136 பிள்ளைகளைப் பின்தொடரத் தொடங்கினார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நிலையத்தில் தங்கியவர்களின் மூளை மின்னலைகள் பலவீனமாக இருந்தன, அறிவு வளர்ச்சியும் பின்தங்கியிருந்தது. குடும்பங்களுக்குப் போனவர்கள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் பல விசயங்களில் கூடத் தேறினார்கள்.

இதை எங்கள் பக்கம் கொண்டுவருவது வசதியான விசயமில்லை. போருக்குப் பிறகு வடக்கு கிழக்கில் எத்தனையோ பிள்ளைகள் சிறுவர் இல்லங்களில் வளர்ந்தார்கள். அவர்களில் கணிசமானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். வறுமைதான் கொண்டுபோய் விட்டது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தார்கள். நான் அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல வரவில்லை. வீட்டில் அடுப்பு எரியாததால் போனவர்கள் அவர்கள். ஆனால் ‘சாப்பாடும் படிப்பும் குடுத்தாச்சு, வேறென்ன வேணும்?’ என்ற கேள்வியை மட்டும் நாங்கள் நிறுத்தியாக வேண்டும். வேறொன்றும் வேணும் என்று 136 பிள்ளைகளின் மூளை சொல்லியிருக்கிறது.

தாயும் தகப்பனும் வீட்டில் இருந்துகொண்டே பிள்ளை தனியாக வளர்வதும் நடக்கிறது. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை விடிய ஐந்து மணி ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பிறகும் ரியூசன். அந்தப் பிள்ளையோடு வீட்டில் நடக்கிற ஒரே கதை ‘எத்தினை மாக்ஸ்?’ என்பதாக இருந்தால், அதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

‘எல்லாம் சண்டையால வந்தது’

இந்தக் கதையை எடுத்தால் எங்கள் பெரியவர்கள் உடனே சொல்வது: ‘நாங்கள் பட்ட பாட்டுக்கு இது ஒரு விசயமே? செல் அடிக்குள்ள வளர்ந்த சனம்.’ அந்தச் சொல்லில் வலி இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுப் போக முடியாது. ஆனால் அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

2008இல் கிளாடியா கட்டானியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று வடக்கு கிழக்கைச் சேர்ந்த 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றியது. போர், சுனாமி இரண்டையும் கண்ட பிள்ளைகள். பத்தில் மூன்று பேருக்கு அதிர்ச்சிக்குப் பின்னரான மனவடு நோய் இருந்தது. போரும் சுனாமியும் மட்டும் இதற்குக் காரணமாக இருக்கவில்லை, வீட்டுக்குள் நடந்த வன்முறையும் சேர்ந்தே காரணமாக இருந்தது. தகப்பனின் குடி வீட்டு வன்முறையோடு தொடர்புபட்டிருந்தது. ஆக, போர் எங்கள் வீட்டு வாசலில் நின்றுவிடவில்லை. தகப்பனின் குடிக்குள்ளாலும் கைக்குள்ளாலும் அது பிள்ளை மட்டும் வந்தது.

2015இல் வடபகுதிப் பிள்ளைகள் பற்றி இன்னொரு ஆய்வு வந்தது. தாய் தகப்பனின் அரவணைப்பை உணர்ந்த பிள்ளைகளிடத்தில், போரும் சுனாமியும் தந்த அனுபவங்கள் மன உளைச்சலாக மாறுவது குறைவாக இருந்தது என்பது அதன் முடிவு. செல்லை எங்களால் நிறுத்த முடிந்திருக்காது. வீட்டுக்குள் ஒரு பிள்ளையை அணைத்து வைத்திருப்பது எங்கள் கையில் இருந்தது. ‘சண்டையால வந்தது’ என்பது உண்மை, ஆனால் அது பிரம்பை எடுப்பதற்கான அனுமதிச் சீட்டில்லை. அவ்வளவு பட்ட சனத்தின் பிள்ளைகளுக்கு வீடாவது பயமில்லாத இடமாக இருக்க வேண்டும் என்றுதான் அதிலிருந்து எனக்கு விளங்குகிறது.

ஸ்கானில் தெரியாத நோ

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறா. பத்து வருடமாக வயிற்று நோவும் தலையிடியும். மூன்று ஆஸ்பத்திரி, எண்டஸ்கோப்பி, ஸ்கான், இரத்தப் பரிசோதனை, எல்லாம் ‘நோர்மல்’. ‘உமக்கு ஒண்டும் இல்லை’ என்று ஒரு டொக்டர் கொஞ்சம் எரிச்சலோடயே சொல்லியிருக்கிறார். வீட்டில் நூல் கட்டினார்கள், நேர்த்தி வைத்தார்கள். கடைசியில் ஒரு மனநல உத்தியோகத்தர், அவசரப்படாமல், ‘சின்ன வயசில உங்கட வீடு எப்பிடி இருந்தது?’ என்று கேட்டிருக்கிறா. அக்கா ஒன்றரை மணித்தியாலம் அழுதாவாம். அவவுக்கு எட்டு வயதில், வீட்டுக்கு வந்து போன ஒரு உறவினர். அம்மாவிடம் சொன்னபோது கிடைத்தது ‘வாயைப் பொத்து’ என்ற பதிலும் ஒரு அடியும்.

அந்த நோ முழுக்க அதனால்தான் வந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பத்து வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரே ஒருவர். நெஞ்சு எரிவு, உடம்பு உளைவு, தலைச்சுற்று என்று மனதின் துயரம் உடம்பின் பாசையில் வெளிவருவது எங்கள் சமூகத்தில் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். கேட்கத் தெரிந்தவர்கள்தான் காணாது.

இது சாதகக் குறிப்பு இல்லை

இதுவரை வாசித்துவிட்டுச் சிலர் மனதுக்குள் விரல் மடித்து எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். ‘எனக்கு நாலு. அப்ப எனக்கு ஹார்ட் அற்றாக் வருமோ?’ அப்படி எண்ணாதீர்கள். இரண்டு மடங்கு ஆபத்து என்பது பெரிய கூட்டத்தைப் பற்றிய கணக்கு, உங்கள் தனி உடம்பைப் பற்றிய தீர்ப்பில்லை. அந்தக் கேள்விக்கொத்தை உருவாக்கிய அண்டாவே 2020இல், இந்த எண்ணிக்கையைத் தனிநபர்களின் எதிர்காலத்தைச் சொல்லப் பயன்படுத்தக்கூடாது என்று சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதினார். அது எத்தனை தரம், எவ்வளவு காலம், எந்த வயதில் நடந்தது என்பதை அளப்பதில்லை. பக்கத்தில் யார் துணைக்கு இருந்தார்கள் என்பதையும் அளப்பதில்லை.

அந்தக் கடைசி விசயம்தான் ஆகப் பெரியது. மோசமான வீடுகளிலிருந்து வந்தும் தேறியவர்களைப் பார்த்தால், நிலையாக அக்கறை காட்டிய ஒரு பெரிய ஆளாவது அவர்கள் வாழ்க்கையில் இருந்திருப்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது. அம்மம்மாவாக இருக்கலாம், ஒரு சித்தியாக, ஒரு ரீச்சராக, பக்கத்து வீட்டு அண்ணாவாக இருக்கலாம்.

இனி என்ன செய்வது?

சட்டப் பக்கம் ஒன்றுமே இல்லாத நாடு இல்லை இது. சிறுவர் மீதான கொடூரம் 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் வந்தது. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வியமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை விட்டது. ஆசிரியர் காதில் அறைந்ததால் கேட்கும் திறனை இழந்த ஒரு மாணவனின் வழக்கில், அது சித்திரவதையிலிருந்து பாதுகாக்கும் அடிப்படை உரிமையை மீறியது என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் 1939ஆம் ஆண்டுக் காலனித்துவச் சட்டம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தண்டிக்கும் உரிமை உண்டென்று ஒரு வாசகத்தை எழுதி வைத்தது. அந்த வாசகம் தாளில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் தலைக்குள் இன்னும் இருக்கிறது. சுற்றறிக்கை பள்ளிக்கூட கேற்றோடு நின்றுவிடுகிறது, ரியூசன் கொட்டிலுக்குள் அது வருவதில்லை. ‘அந்த சேர் நல்லா அடிப்பார், அதால றிசல்ட் நல்லம்’ என்று சொல்லியே பிள்ளையைச் சேர்க்கிற பெற்றோர் இருக்கிறார்கள். சுவீடன் 1979இல், வீடு உட்பட எல்லா இடத்திலும் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்தது. உலகத்தில் அதுதான் முதல் நாடு. தாய் தகப்பனைப் பிடித்துச் சிறையில் போடுவதற்காக அதைச் செய்யவில்லை. எது வழமை என்பதை மாற்றுவதற்காகச் செய்தார்கள். எங்களுக்கும் அதுதான் வேண்டும்.

இன்னொன்று எங்கள் சுகாதாரத் துறையிடமே இருக்கிறது. கர்ப்பிணித் தாயின் வீட்டுக்கே போகிற குடும்பநல உத்தியோகத்தர்கள் உள்ள நாடு இது. எடை பார்க்கிறார்கள், தடுப்பூசி பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் நேரமும் கொடுத்தால், அந்தத் தாய் எப்படி வளர்ந்தா, வீட்டில் அவவுக்கு அடி விழுகுதா, குழந்தை விடாமல் அழும்போது கோபம் வந்தால் என்ன செய்யலாம் என்பதையும் கதைக்கலாம். தகப்பன்மாரையும் கிளினிக்குக்குக் கூப்பிட்டு இதைக் கதைக்கலாம். மாரடைப்புக்குப் பிறகு இருதயத்தில் வலை வைப்பதை விட இது மலிவு.

‘இப்பிடி எல்லாம் எழுதிப் பெத்தவையைக் குற்றவாளி ஆக்கிறியள்’ என்று சொல்லக்கூடும். எங்கள் அம்மா அப்பாமாரில் பலர் தாங்களும் அப்படி வளர்க்கப்பட்டவர்கள். அவர்களைக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை. அவர்கள் செய்ததை அன்பு என்று நம்பிச் செய்திருக்கலாம். அதனால் அது உடம்பில் விட்ட சேதம் இல்லையென்று ஆகிவிடாது. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருக்க எங்கள் வயதுக்காரர்களால் முடியும் என்று நினைக்கிறேன்.

முருங்கையை முறிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர் என்று ஒரு பழமொழி எங்களிடம் உண்டு. முருங்கைக்கு நரம்பில்லை. முறித்த இடத்தில் அது துளிர்க்கும். பிள்ளை வேறு மாதிரி.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இருபது, இருபத்தைந்து வயது இருக்கும். இன்னும் சில வருடங்களில் நீங்கள் ரீச்சர், ரியூசன் சேர், அம்மா, அப்பா, சித்தப்பா, மாமி. யாரோ ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு ஆளாக இருக்கிற வாய்ப்பு உங்களுக்குக் கட்டாயம் வரும். பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் முதலில் நம்புங்கள். பக்கத்து வீட்டில் ஒவ்வொரு நாளும் சத்தம் கேட்டால் ‘அது அவையின்ர குடும்ப விசயம்’ என்று ரேடியோவைக் கூட்டி வைக்காதீர்கள், 1929க்கு எடுங்கள். உங்களுக்கே நடந்திருந்தால், அது உங்கள் பிழை இல்லை. இதுவரை ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். ஆளில்லை என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. டொக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், ‘சின்ன வயசில எனக்கு இப்பிடி ஒண்டு நடந்தது’ என்று நீங்களாகச் சொல்லலாம். அதுவும் உங்கள் நோய் வரலாற்றில் ஒரு பகுதிதான்.